எங்கள் வீட்டு மூன்று வண்டிகளின் காப்பீடு

2023 டிசம்பர் மழையில், வேளச்சேரியில் எங்கள் கார் இருக்கை மட்டம் வரை தண்ணீரில் நின்றது. வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருகிவிட்டேன். அதைச் செய்யவே கூடாது, தண்ணீர் புகுந்த என்ஜின் கெட்டுவிடும். இழுவை வண்டியைத்தான் அழைத்திருக்க வேண்டும். முழுக் காப்பீடு இருந்தும் என்ஜின் சேதத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. என்ஜின் பாதுகாப்பைக் கூடுதலாக எடுத்திருக்கவில்லை.

அடுத்த புதுப்பிப்பில் மூன்று பாலிசிகளையும் விரித்து வரிவரியாகப் படித்தேன். காருக்கு என்ஜின் பாதுகாப்பும், தேய்மானம் கழிக்காத பிரிவும் சேர்த்தேன். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது. என் 12 வருட ஸ்கூட்டருக்கு பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான மூன்றாம் நபர் காப்பீடு போதும். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டை என் பெயரில் உள்ள காருக்கும் ஸ்கூட்டருக்கும் தனித்தனியே கட்டிவந்திருக்கிறேன், ஒன்றே போதும். பைக் அப்பா பெயரில் இருப்பதால் அவருக்குத் தனியாக எடுத்தேன்.