காலேஜ் ஃபுட்பால் வீடியோ கேம் விளையாடத் தொடங்குவது எப்படி? அவ்வப்போது ஆட்டம் பார்க்கும் ரசிகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

டெக்சாஸில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே மெரூன் நிறத்துக்கு மாறிவிடும். அங்குள்ள கைல் ஃபீல்டு அரங்கில் லட்சம் பேருக்கு மேல் இடம் உண்டு. ஆனால் மாணவர் பகுதியில் யாரும் உட்கார மாட்டார்கள், ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றபடிதான் எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பிடித்துப்போனது. விதிகள் முழுதாகப் புரிவதற்கு முன்பே பிடித்துப்போனது.

அந்த அனுபவத்தை வீட்டுத் திரையில் எனக்கு ஓரளவு திருப்பிக் கொடுத்தது இஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட காலேஜ் ஃபுட்பால் 25 என்ற வீடியோ கேம். 2024 ஜூலை 19 அன்று வந்தது. அதற்கு முந்தைய கல்லூரி ஃபுட்பால் கேம் 2013 ஜூலையில் வந்தது, நடுவில் பதினொரு ஆண்டுகள் எதுவும் இல்லை. கல்லூரி வீரர்களின் உருவத்தை அவர்களுக்குக் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதாக எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் 2009-இல் வழக்குப் போட்டார். அந்தச் சர்ச்சையில் தொடர் நின்றது. 2021-இல் விதிகள் மாறி, வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. அதனால் இந்த முறை சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு பிரதியும் தந்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட உண்மையான வீரர்கள், 134 அணிகள். அடுத்த பதிப்பான 26, 2025 ஜூலை 10 அன்று வந்தது. கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். இரண்டுமே பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றில் மட்டும் ஓடும். பழைய பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் வாங்கிவிட வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வாரம் பந்தை எறிய அவசரப்படாதீர்கள். ஓடப் பழகுங்கள். நண்பர்கள் சிலருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பலர் முதல் பத்து நிமிடத்திலேயே நீண்ட பாஸ் எறிந்து, நான்கு முறை பறிகொடுத்து, கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்கள். ஓட்டத்தில் தொடங்கியவர்கள் இன்றும் விளையாடுகிறார்கள்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். பத்து யார்டு கடந்துவிட்டால் மறுபடி நான்கு கிடைக்கும். டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பதற்கு, 6 புள்ளி, அதன் பின் உதைக்கும் கூடுதல் உதைக்கு 1, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. திரையில் "3 அண்ட் 7" என்று வந்தால் மூன்றாவது வாய்ப்பு, இன்னும் ஏழு யார்டு தேவை என்று பொருள். தொடங்க இது போதும்.

தொலைக்காட்சியில் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு வித்தியாசங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டாலே கேட்ச் செல்லும், என்எஃப்எல்லில் இரண்டு கால் வேண்டும். அடுத்தது, கல்லூரி ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் பட்டால் யாரும் தொடாவிட்டாலும் ஆட்டம் அங்கே நின்றுவிடும். தடுக்கி விழுந்தால் எழுந்து ஓட முடியாது.

படி 1: அமைப்புகளை மாற்றுங்கள்

கடினநிலை நான்கு: ஃப்ரெஷ்மன், வார்சிட்டி, ஆல்-அமெரிக்கன், ஹைஸ்மன். ஃப்ரெஷ்மனில் தொடங்குவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. இரண்டு ஆட்டம் வென்றதும் வார்சிட்டிக்குப் போங்கள். பெரும்பாலான சாதாரண ரசிகர்களுக்கு அதுவே நல்ல இடம்.

ஒரு குவார்ட்டருக்கு நான்கு அல்லது ஐந்து நிமிடம் வையுங்கள். ஆக்சிலரேட்டட் கிளாக் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு டவுனுக்கான ஆட்டத்தை (பிளே) தேர்ந்தெடுத்த கையோடு கடிகாரத்தில் நிறைய வினாடிகள் காணாமல் போகும். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்க்க உங்களுக்கு அந்த வினாடிகள் வேண்டும்.

பாஸ் எறியும் முறையில் கிளாசிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறொரு முறையில் எறியும்போது ஓர் அளவுகோல் தோன்றும். நீலப் பகுதியில் விரலை எடுத்தால் பந்து சரியாகப் போகும், தாண்டினால் குறி தப்பும். நல்ல முறைதான், ஆனால் முதல் வாரத்துக்கு அல்ல. பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைப் பார்ப்பதா, அளவுகோலைப் பார்ப்பதா என்று கண் அலைபாயும்.

படி 2: அணியைத் தேர்ந்தெடுங்கள்

பிளே நவ் பகுதிக்குப் போய் ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட், அலபாமா போன்ற வலுவான அணி ஒன்றை எடுங்கள். எதிரணி சுமாரானதாக இருக்கட்டும். உங்கள் சொந்த மைதானத்தில் விளையாடுங்கள், அதற்கான காரணம் கடைசிப் படியில் வரும்.

ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் மூன்றையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். பழைய ட்ரிபிள் ஆப்ஷன் (பந்தோடு யார் ஓடுவது என்பதை மூன்று வழிகளில் ஒன்றாக ஓடும்போதே முடிவு செய்யும் ஆட்டம்) மரபில் வந்த அணிகள் அவை. பார்க்க மிக அழகாக இருக்கும், ஆனால் அந்த ஆட்டத்தில் கை பழகினால் மற்ற அணிகளுக்கு உதவாது.

படி 3: ஓடப் பழகுங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் பொத்தான்களைச் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸுக்கு ஏ, வட்டத்துக்கு பி, சதுரத்துக்கு எக்ஸ், முக்கோணத்துக்கு ஒய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத் தேர்வுத் திரையில் இன்சைட் ஸோன் என்ற, நடுவழியாக ஓடும் ஆட்டத்தைத் தேடி எடுங்கள். கிட்டத்தட்ட எல்லா அணியிடமும் இருக்கும். எக்ஸ் அழுத்தினால் பந்து குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தி, பந்தை எறிபவர்) கைக்கு வரும், அவர் அதை ரன்னிங் பேக்கிடம் (பந்தோடு ஓடுபவர்) கொடுப்பார். அந்த நொடியில் உங்கள் விரல் தானாக ஆர்2-வை, அதாவது வேக ஓட்டப் பொத்தானை, அழுத்தப் போகும். அழுத்தாதீர்கள்.

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். முன்னால் உங்கள் லைன்மேன்கள் ஐந்து பேர் எதிராளிகளைத் தள்ளி வழி திறந்துகொண்டிருக்கிறார்கள். வழி திறப்பதற்குள் நீங்கள் வேகமெடுத்தால் உங்கள் ஆளின் முதுகிலேயே போய் மோதுவீர்கள். கபடியில் நல்ல ரெய்டர் உள்ளே பாய்வதற்கு முன் கோட்டருகே அசைந்து அசைந்து எதிரணியைப் பார்ப்பார் அல்லவா, அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும். இடது ஸ்டிக்கை மட்டும் அசைத்து மெதுவாக முன்னேறுங்கள். இடைவெளி கண்ணில் பட்டு, அதற்குள் நுழைந்த பிறகு ஆர்2.

வெளியே வந்ததும் ஒருவரோ இருவரோ தடுக்க வருவார்கள். வலது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தட்டினால் உங்கள் ஆள் வெட்டி விலகுவார். வட்டம் சுழற்சி, எக்ஸ் கையால் தள்ளுவது, முக்கோணம் தாண்டுவது, சதுரம் முன்னால் பாய்வது. இதில் இரண்டு போதும், வலது ஸ்டிக்கும் எக்ஸும். தாண்டுவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் காற்றில் அடிபட்டால் பந்து கைநழுவும்.

பிராக்டிஸ் பகுதியில் இந்த ஒரே ஆட்டத்தை இருபது முறை ஓடிப் பாருங்கள். நான்கு யார்டு கிடைத்தால் அது வெற்றி. ஒவ்வொரு டவுனிலும் நான்கு யார்டு எடுக்கிற அணியை யாராலும் நிறுத்த முடியாது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எப்போது ஓடுவது என்பதற்கும் எளிய வழி உண்டு. பந்து வருவதற்கு முன், லைன்மேன்களுக்கு எதிரே நெருங்கி நிற்கும் தடுப்பாட்டக்காரர்களை எண்ணுங்கள். ஆறு பேர் அல்லது அதற்கும் குறைவு என்றால் ஓடுங்கள். ஏழு, எட்டு பேர் குவிந்திருந்தால் பின்னால் ஆள் குறைவு, எறியலாம்.

அப்புறம் ஒரு விஷயம், கல்லூரி ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. மைதானத்தின் நடுவே இரண்டு வரிசையாகச் சிறு கோடுகள் இருக்கும், ஒவ்வோர் ஆட்டமும் அவற்றின் மீதோ இடையிலோதான் தொடங்கும். என்எஃப்எல்லில் அவை நெருக்கமாக இருக்கும். கல்லூரியில் இடைவெளி 40 அடி. அதனால் பந்து ஒரு வரிசையில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் கிடைக்கும். பக்கவாட்டில் ஓடும் ஆட்டத்தை அந்த அகலமான பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். ரீட் ஆப்ஷன் என்ற ஆட்டம் இங்கே நன்றாக எடுபடும். பந்து வந்ததும் லைனின் ஓரத்தில் நிற்கும் எதிராளியைப் பாருங்கள். அவர் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே ஓடினால் எதுவும் அழுத்தாதீர்கள், குவார்ட்டர்பேக்கே பந்தோடு வெளியே ஓடுவார். அவர் அசையாமல் நின்றால் எக்ஸை அழுத்திப் பிடித்துப் பந்தைக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: இப்போது எறியலாம்

ஒவ்வொரு ரிசீவர் தலைக்கு மேலும் ஒரு பொத்தான் தெரியும். லேசாகத் தட்டினால் பந்து வளைந்து உயரமாகப் போகும். அழுத்திப் பிடித்தால் நேராக வேகமாகப் போகும். குறுகிய தூரத்துக்கு அழுத்தி எறியுங்கள்.

மெஷ் என்ற ஆட்டத்தில் தொடங்குங்கள். இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர் திசையிலிருந்து குறுக்கே ஓடி நடுவில் கடப்பார்கள். எதிரணி ஆளுக்கு ஆள் துரத்தினால் அந்த நெரிசலில் ஒருவர் கண்டிப்பாகப் பின்தங்குவார். கடந்த உடனே எறியுங்கள்.

அடுத்தது ஸ்மாஷ். ஓரத்தில் இருப்பவர் ஐந்தாறு யார்டில் நின்றுவிடுவார், உள்ளே இருப்பவர் அவரைத் தாண்டி மூலைக்கு ஓடுவார். அங்கே காவலுக்கு நிற்கும் கார்னர் ஒருவரை மட்டும் பாருங்கள். அவர் பின்னால் போனால் கிட்டே எறியுங்கள், முன்னால் வந்தால் மேலே எறியுங்கள். களத்தில் இருபத்திரண்டு பேர் ஓடினாலும் நீங்கள் பார்ப்பது ஒருவரைத்தான். இந்த ஒன்று புரிந்த பிறகு நான் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

குவார்ட்டர்பேக்கைப் பின்னால் ஓட விடாதீர்கள். எதிராளி நெருங்கினால் பயத்தில் ஸ்டிக் பின்பக்கம் போகும், பிடிபட்டால் பதினைந்து யார்டு போய்விடும். ஓரங்களிலிருந்து வருபவர்கள் வளைந்துதான் வருவார்கள், அதனால் ஓரடி முன்னால் வருவதே பாதுகாப்பு. முதல் ஆள் இல்லையா, இரண்டாவது ஆளைப் பாருங்கள். அவரும் இல்லை என்றால் விலகி ஓடி, வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்திப் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுங்கள். தூரத்தை இழந்து விழுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

படி 5: தடுப்பாட்டம்

கோச் சஜெஷன்ஸ் காட்டுவதையே எடுங்கள், பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கக் கூடுதல் ஆட்களை அனுப்புவது) வேண்டாம். வட்டத்தை அழுத்தி லைனின் ஓரத்தில் இருக்கும் ஆளுக்கு மாறுங்கள். அவர் தவறு செய்தாலும் பின்னால் காப்பாற்ற ஆள் உண்டு. கடைசிக் காவலராகப் பின்னால் நிற்கும் சேஃப்டியை எடுத்து நீங்கள் தடம் மாறினால் அது டச் டவுன்.

வலது ஸ்டிக்கை மேலே தள்ளிப் பலமாக மோதுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நேரம் தவறினால் எதிராளி பறந்துவிடுவார். அருகில் போனதும் ஆர்2-வை விட்டுவிட்டு எக்ஸால் நிதானமாகப் பிடியுங்கள்.

நான்காவது டவுனில் உங்கள் பாதியில் இருந்தால் பன்ட் அடியுங்கள், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

படி 6: வெளியூர் மைதானத்துக்குப் போங்கள்

வார்சிட்டியில் சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம் வென்றதும் இதைச் செய்யுங்கள். கைல் ஃபீல்டு, எல்எஸ்யு அணியின் டைகர் ஸ்டேடியம், பென் ஸ்டேட் அணியின் பீவர் ஸ்டேடியம், எதுவானாலும் சரி, இரவு ஆட்டமாக வையுங்கள். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதிகம் உழைத்த இடம் இது என்பேன். மூன்றாவது டவுனில் கூட்டம் எழுப்பும் சத்தத்தில் திரையே நடுங்கும். ரிசீவர்கள் ஓட வேண்டிய பாதையைக் காட்டும் கோடுகள் நெளியும், அனுபவம் குறைந்த வீரருக்கு எங்கே ஓடுவது என்பதே மறந்துபோகும்.

அந்தச் சத்தத்துக்குள் போகும்போது மூன்றாவது டவுனில் நீண்ட தூரம் மிச்சம் வைக்காதீர்கள். முதல் இரண்டு டவுனில் இன்சைட் ஸோன் ஓடி எட்டு யார்டு எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டுதான். ஒவ்வொரு ரிசீவரும் எங்கே ஓடுவார் என்பதை ஆட்டத் தேர்வுத் திரையிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், களத்துக்கு வந்த பிறகு கோடுகளை நம்ப முடியாது. எதிரணியை முதல் சில நிமிடத்தில் இரண்டு முறை பன்ட் அடிக்க வைத்துப் பாருங்கள், ஸ்பீக்கரில் கூட்டத்தின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிவது உங்களுக்கே கேட்கும்.