ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர்: போய் இறங்கியதும் எதை முதலில் முடிப்பது?

ஆறு மாதமோ ஒரு வருடமோ படிக்க, ஆராய்ச்சி செய்ய ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் சிம் கார்டு, வங்கிக் கணக்கு என்று ஓடுவார்கள். அங்கே எந்த வேலையைத் தொட்டாலும் கடைசியில் முகவரிப் பதிவில்தான் வந்து முட்டும். அதனால் நான் அதிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

படி 1: வீட்டுக்காரரிடம் தாள் வாங்குங்கள்

முகவரியைப் பதிய வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. எந்தத் தேதியில் குடிவந்தீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ வேண்டும். மாணவர் விடுதியில் நிர்வாகமே தந்துவிடும். தனி அறை என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். “பதிவெல்லாம் எதற்கு?” என்று மழுப்புகிற ஆளின் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 2: முகவரியைப் பதியுங்கள்

இதுதான் ‘அன்மெல்டுங்’. குடியேறிய 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், மேலே சொன்ன தாள், நிரப்பிய படிவம் ஆகியவற்றோடு ‘பியூர்கர்ஆம்ட்’ அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெரிய ஊர்களில் முன்பதிவு கிடைப்பதுதான் தலைவலி. பெர்லினில் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதியலாம்; எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தை யோசித்து நிரப்புங்கள். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபை உறுப்பினர் என்று பதிந்தால், வருமான வரி கட்டும்போது அதில் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியாகச் சேரும்.

படி 3: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்

சின்ன வேலைதான், ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். அடுக்குமாடிக் கட்டிடங்களில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். 11 இலக்க வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண் (PIN) எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டுங்கள்.

படி 4: ஒலிபரப்புக் கட்டணம்

பொது டிவி, வானொலியை நடத்துவதற்காக வாங்கும் கட்டணம் இது. டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால், மற்றவர்கள் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதலாம். அந்தக் கடிதத்தைத் தூக்கி மட்டும் போடாதீர்கள்.

படி 5: கடை கண்ணி

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அப்புறம், தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டு நசுக்க வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் போட்டால், அது பார்கோடைப் படித்துச் சீட்டு தரும். கல்லாவில் காட்டினால் காசு. பார்கோடு கசங்கியிருந்தால் இயந்திரம் துப்பிவிடும்.

படி 6: கிளம்பும்போது

நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் பதிவை நீக்க வேண்டும். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, காலி செய்த பின் இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. அதற்குத் தரும் சான்றைக் காட்டித்தான் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். வீட்டு முன்பணம் திரும்பி வர மாதக் கணக்கில் ஆகலாம்.