காலேஜ் உதவித்தொகை வரலையா? மேப்பிங்கைப் பாருங்க

தங்கச்சி கோட்டையூரிலிருந்து பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய் பி.காம். முதல் வருஷம் படிக்கிறாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. இவளுக்கு மட்டும் வரவில்லை.

பேங்கில், "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு தம்பி, காலேஜ்ல கேளுங்க" என்றார்கள். காலேஜிலோ பேங்கைக் கை காட்டினார்கள். நல்ல கூத்து!

ஆதாரை எத்தனை கணக்கில் சேர்த்திருந்தாலும், அரசுப் பணம் என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் நிறுவனம்) மேப்பிங்கில், அதாவது எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பதிவில், இருக்கும் ஒரே வங்கிக்குத்தான் போகும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' (எந்த வங்கி மேப் ஆகியிருக்கிறது என்ற விவரம்) பார்த்தேன். பள்ளி ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்த பழைய கணக்கின் வங்கிதான் அதில் இருந்தது. அந்தக் கணக்கோ முடங்கிக் கிடக்கிறது. பாஸ்புக்கை அப்பத்தா தன் டிரங்குப் பெட்டியில் சேலைக்கடியில் பத்திரமாக வைத்திருந்தார்!

புதுக் கணக்கு உள்ள கிளையில் ஆதார் சீடிங் சம்மதப் படிவம் கொடுத்தோம். பழைய வங்கியிலிருந்து மாற்றும் பகுதியை டிக் செய்து, அந்த வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். கவுன்டரில் "டிபிடிக்கு மேப் பண்ணுங்க" என்றே கேளுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது). வெறுமனே லிங்க் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில நாளில் ஸ்டேட்டஸ் மாறியது, பிறகு பணமும் வந்தது.

ஆதாரில் இருக்கும் மொபைல் நம்பர் செத்துப்போயிருந்தால் ஓடிபி வராது. முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றிவிடுங்கள்.