அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பெயரைக் கிரேக்கத்தில் வைக்கலாம்: எப்படித் தேடுவது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் சொந்தத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சோபியாவா ஸோயியா என்று வீட்டில் பேச்சு ஓட, அப்பாரு (அப்பாவின் அப்பா) மட்டும் "அதுக்கு என்ன கண்ணு அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி, பதிலை நாமே தேடலாம்.

முதலில் பெயரைப் பிரித்துப் பாருங்கள். பழைய கிரேக்கப் பெயர்கள் பல, நம் வெற்றிவேல் மாதிரி இரண்டு சொல் ஒட்டியவை. தியோஸ் கடவுள், டோரோன் பரிசு. சேர்த்தால் தியோடர், அதையே திருப்பிப் போட்டால் டோரதி. நிகே வெற்றி, லாவோஸ் மக்கள், அதுதான் நிக்கோலஸ். பிலிப் என்றால் குதிரைப் பிரியர். எனக்கு ரொம்பப் பிடித்தது ஜார்ஜ்: மண், வேலை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து, வெள்ளாமை செய்கிறவர் என்று பொருள். மஞ்சளும் கரும்பும் போட்டு வாழ்கிற குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒற்றைச் சொல் பெயர்கள் இன்னும் சுலபம். சோபியா ஞானம், ஐரீன் அமைதி, ஸோயி உயிர், மெலிசா தேனீ, க்ளோயி இளந்தளிர்.

எல்லாப் பெயருக்கும் இப்படி நேராகப் பொருள் வராது. கேத்தரின் என்றால் தூய்மை என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும், ஆனால் அது பிற்பாடு ஒட்டிய பொருள், மூலம் எதுவென்று அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அதனால் ஒரே பட்டியலை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களின் பெயரை எழுதி, பொருளை மட்டும் கிரேக்கத்தில் தேடுங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். கிரேக்கர்களும் தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறவர்கள். சாந்தி என்றால் ஐரீன். முத்தம்மாள் என்றால் மார்கரெட், ஏனென்றால் கிரேக்கத்தில் மார்கரிடேஸ் என்றால் முத்து.

கடைசியாகத் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், வாயில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிறப்பைப் பதிந்த பிறகு பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அவசரப்பட வேண்டாம்.

எங்கள் குழந்தையின் அம்மிச்சி முத்தம்மாள். மார்கரெட் அப்பாருக்கு நீளமாகப் பட்டது, அதன் சுருக்கமான ரீட்டாவை வைத்துவிட்டோம்.