தரமணி நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?

"கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆராய்ச்சி பண்ணணும் மேடம், ஆனா வீட்டுல காசு கேட்க முடியாது" என்று என் மாணவர்கள் யாராவது வந்தால், நான் முதலில் சென்னை தரமணிக்குத்தான் வழி சொல்வேன். அங்கே இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் மத்திய அரசின் அணுசக்தித் துறை தரும் பணத்தில் நடக்கிறது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்குதான் 1962-இல் நிறுவனமாக வளர்ந்தது. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பேர்போன இடம் என்றாலும், கோட்பாட்டுக் கணினியியலுக்கும் அங்கே ஒரு நல்ல குழு உண்டு. நானும் அங்கே பிஎச்.டி. முடித்தவள்தான். இப்போது விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். ஆப் எழுதுவதும் ஏஐ மாடல் ஓட்டுவதும்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இந்த இடம் ஒத்துவராது. ஒரு கணக்கைக் கணினியால் வேகமாகத் தீர்க்க முடியுமா, முடியாதென்றால் ஏன் முடியாது என்று நிரூபிப்பதுதான் இங்கே வேலை. பேப்பரும் பேனாவும் கரும்பலகையும் போதும். லேப்டாப்பைத் திறக்காமலே வாரம் ஓடிவிடும்.

பணத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2023-இல் மத்திய அரசு உயர்த்திய விகிதப்படி இளநிலை ஆய்வாளருக்கு 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

உள்ளே நுழைய ஜெஸ்ட் (JEST, பல ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பொதுவான நுழைவுத்தேர்வு) எழுதுங்கள். அதில் கோட்பாட்டுக் கணினியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது: சேர்மானக் கணிதம் (காம்பினேட்டரிக்ஸ்), கிராஃப் தியரி, டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், தர்க்கம் இந்த வட்டத்துக்குள்தான் கேள்விகள் வரும். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். யார் யார் விண்ணப்பிக்கலாம், கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் படியுங்கள். சீனியர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சரி, நேர்காணலுக்கு வருவோம். நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். வரையறைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். அங்கே இருப்பவர்களோ கையில் சாக்பீஸைக் கொடுத்து ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். எப்படி என்று காட்ட, பயிற்சிக்கு நான் கொடுக்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு ஊரில் 1,000 சந்திப்புகள். ஒவ்வொரு தெருவும் இரண்டு சந்திப்புகளை இணைக்கிறது; எந்த இரண்டு சந்திப்புக்கு நடுவிலும் ஒரு தெருவுக்கு மேல் இல்லை. ஒரு சந்திப்பில் கேமரா வைத்தால் அதைத் தொடும் தெருக்கள் எல்லாம் தெரியும். பத்தே கேமராவில் எல்லாத் தெருவையும் கண்காணிக்க முடியுமா?

"எந்தப் பத்து சந்திப்பு என்று எல்லா வழியிலும் முயன்று பார்க்கலாம் சார்" என்று ஆரம்பிப்பீர்கள். ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை வழி என்று அடுத்த கேள்வி வரும். அது 24 இலக்க எண். சாதாரணக் கணினி தாங்காது. இங்கே வாயடைத்து நிற்காதீர்கள். ஒரே ஒரு தெருவைப் பலகையில் வரையுங்கள். அதன் இரண்டு முனைகளில் ஒன்றிலாவது கேமரா இருந்தே ஆக வேண்டும், இல்லையா? இந்த முனை அல்லது அந்த முனை, இரண்டே வாய்ப்பு. ஒன்றைத் தேர்ந்ததும் ஒரு கேமரா செலவு. மிச்சம் ஒன்பது. இன்னும் பார்க்கப்படாத வேறொரு தெருவை எடுத்து அதையே திரும்பச் செய்யுங்கள். பத்து முறை இரண்டிரண்டாகப் பிரிந்தால் மொத்தம் 1,024 வழிகள். ஊர் எவ்வளவு பெரிதானாலும் அந்த 1,024 மாறாது.

அதோடு விடமாட்டார்கள். "ஒரு சந்திப்பில் பதினொரு தெரு சேர்ந்தால்?" என்பார்கள். அங்கே கேமரா வைக்காவிட்டால் அந்தப் பதினொரு தெருவின் மறுமுனையிலும் வைக்க வேண்டும், நம்மிடம் பத்துதான் இருக்கிறது. ஆகவே அந்தச் சந்திப்பில் கட்டாயம் வேண்டும். இப்படிப்பட்ட சந்திப்புகளை முதலிலேயே முடித்துவிட்டால், மிஞ்சும் சந்திப்பு ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் பத்துத் தெருதான். பத்து கேமரா நூறு தெருவுக்கு மேல் பார்க்காது. நூறுக்கு மேல் தெரு மிஞ்சியிருந்தால் முடியாது என்று அப்போதே சொல்லிவிடலாம். இந்த ஒரு கணக்கில் இருந்தே பெரிய ஆராய்ச்சித் துறை கிளைவிடுகிறது. அதில் உலக அளவில் பேசப்படும் வேலை தரமணியில் நடக்கிறது. அங்கே பேராசிரியராக இருக்கும் சாகேத் சௌரபுக்கு 2021-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது கிடைத்தது.

உங்களுக்கு இந்த விடை முன்பே தெரிந்திருந்தால் தெரியும் என்று சொல்லிவிடுங்கள், வேறு கணக்கு தருவார்கள். தெரியாதது போல நடிப்பது சட்டென்று பிடிபடும். குறிப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது கௌரவக் குறைச்சல் இல்லை. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலம் உடைந்து வந்தாலும் பரவாயில்லை, நிரூபணம் உடையக் கூடாது. இதற்குப் பயிற்சி வேண்டும் என்றால் காலி வகுப்பறை ஒன்றில் நண்பனை உட்காரவைத்து, தினம் ஒரு கணக்கைப் பலகையில் போட்டு விளக்குங்கள். "ஏன்?" என்று அவன் இடைமறித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையாட்டும் நண்பன் உதவமாட்டான்.

எதில் ஆர்வம் என்று கேட்டால் ஒரே ஒரு பாடத்தைச் சொல்லுங்கள், அதை ஆழமாகத் தெரிந்துவைத்திருங்கள். ஆட்டோமேட்டா (கணினியின் எளிய கணித மாதிரிகள்) என்றால் ஒரு மொழி ரெகுலர் இல்லை, அதாவது முடிவுறு நிலைகள் மட்டுமே கொண்ட இயந்திரத்தால் அதை அடையாளம் காண முடியாது என்று நிரூபிக்கவாவது தெரிய வேண்டும். "எல்லாமே பிடிக்கும் சார்" என்பது ஆபத்தான பதில்.

போகும் வழி: பறக்கும் ரயிலில் இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கி ஆட்டோ பிடியுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் விழிக்கலாம். சிபிடி (சென்ட்ரல் பாலிடெக்னிக்) வளாகம் என்றால் புரிந்துகொள்வார்.

அப்புறம், இந்த ஒரு இடத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு உண்டு. படிக்க வேண்டியது பெரும்பாலும் இதேதான். மூன்றுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.