பிரஷர் 220/130: கோடு எது?

அமெரிக்க மருத்துவமனை சார்ட்டுகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன், அதாவது டாக்டர் எழுதிய நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் பட்டியலிலிருந்து குறியீடு (கோடு) போடும் வேலை. ஒன்றில் பிரஷர் 220/130, ‘மாலிக்னன்ட் ஹைப்பர்டென்ஷன்’ (மிகக் கடுமையான ரத்த அழுத்தம்) என்று மட்டும் இருந்தது. அந்தச் சொல் சாதாரண ரத்த அழுத்த நோய்க்கான ஐ10 கோடில்தான் கொண்டுபோய் விடும். எண்ணைப் பார்த்து நாமே நோயைத் தீர்மானிக்கவும் கூடாது. அதனால் டாக்டரிடமே விளக்கம் கேட்டேன். கேள்வியிலேயே விடையைத் திணிக்கக் கூடாது. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ரத்த அழுத்தத்தால் வந்த மூளை பாதிப்புடன் (ஹைப்பர்டென்சிவ் என்செபலோபதி) கூடிய ஹைப்பர்டென்சிவ் எமர்ஜென்சி என்று அவர் எழுதியதும் எமர்ஜென்சிக்கு ஐ16.1, கூடவே மூளை பாதிப்புக்கு ஐ67.4 போட்டேன். உறுப்பு பாதிப்பில்லாத அர்ஜென்சி என்றால் ஐ16.0, வெறும் கிரைசிஸ் என்றால் ஐ16.9. இந்த ஐ16 கோடுகள் 2016 அக்டோபரில் வந்தவை. அப்புறம், ஐ16-ஐத் தனியாக விடக்கூடாது, அடிப்படை ரத்த அழுத்த நோயின் கோடும் வேண்டும். இவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோயும் இருந்ததால் ஐ10 அல்ல, இரண்டும் சேர்ந்ததற்கான ஐ12. சிறுநீரக நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு என்18. எந்தக் கோடு முதலில் என்பதை நோயாளி எதற்காக வந்தார் என்பதே முடிவுசெய்யும்.