இதய சிடி ஸ்கேனா? முதல் நாளே தே தாரிக்கை நிறுத்துங்கள்

பினாங்கில் இதய ரத்தக்குழாய்க்கு சிடி ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள், முதல் நாள் இரவே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைத் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), கோப்பி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். கஃபீன் நாடித்துடிப்பை ஏற்றும். துடிப்பு நிமிடத்துக்கு 60, 65-க்குள் இருந்தால் இரு துடிப்புக்கு நடுவே இதயம் ஓய்கிற நேரம் நீளும். படம் தெளிவாக விழும். இல்லாவிட்டால், அதிகம் அசையும் இதயத்தின் வலது ரத்தக்குழாய் கலங்கித் தெரியும். அடைப்பா, அசைவா என்று மருத்துவரே குழம்புவார். துடிப்பைக் குறைக்க மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மூச்சு. படம் எடுக்கும்போது அதை அடக்கச் சொல்வார்கள். பலரும் அலட்சியப்படுத்துவது இதைத்தான். வீட்டிலேயே படுத்துக்கொண்டு 10 விநாடி அடக்கிப் பழகுங்கள். நெஞ்சு முட்ட இழுக்காமல், முக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஊசி வழியே செலுத்தும் சாய மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும்; பதறி அசையாதீர்கள், சீக்கிரமே அடங்கிவிடும்.